குளிர் யந்திரத்துக்கு ஜன்னி கண்டால்...

சித்திரை மாதத்து வெயிலில் பனிக்கட்டியைப் பார்த்துக் கோபம் கொள்ளும் மனிதர் உலகத்தில் இருப்பாரா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், "இருக்கவே மாட்டார்" என்று துணிந்து சொல்லியிருப்பேன். சென்ற சித்திரையில் சின்னமனூருக்குப் போய் வந்த பிறகு அவ்விதம் சொல்வதற்கில்லை.

சின்னமனூரில் எனக்கு ஒரு பால்ய நண்பர் இருக்கிறார். உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல். கொஞ்சம் வயலும், ஒரு திராட்சைப் பந்தலும் உண்டு. வீட்டில் எண்பது வயது தாண்டிய தாயார். பேரன் பேத்திகளுக்கு அவர் அப்பத்தா; அந்த வீட்டில் கால் வைத்த எல்லோருக்குமே அப்பத்தாதான். கோடையில் கிழவிக்கு மயக்கம் வருகிறது என்று வைத்தியர் எச்சரித்ததன் பேரில், நாலு வருஷத்துக்கு முன்னால் நண்பர் அவருடைய அறையில் ஒன்றரை டன் குளிர் யந்திரம் ஒன்றை மாட்டினார்.

நான் போய்ச் சேர்ந்ததும் நண்பர் காப்பி கூடக் கொடுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த அறையில் நிறுத்தினார். சுவரில் வெள்ளைப் பெட்டி. அதன் முன் கதவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த காயில் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்து, கைலாச பர்வதம் போலக் காட்சியளித்தது. பெட்டிக்குக் கீழே ஒரு பித்தளை அண்டா. அதில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர். அறையோ அடுப்பங்கரை மாதிரி கொதித்தது. கட்டிலில் அப்பத்தா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா தம்பி! பெட்டிக்கே ஜன்னி கண்டிருச்சு. அது எனக்கு எங்கே குளிர் குடுக்கப் போகுது?" என்றார்.

நண்பர் குமுறினார். "மூன்று வருஷமாக, வருஷம் தவறாமல் காஸ் போடுகிறேன். தடவைக்கு மூவாயிரம் ரூபாய். போட்டவுடன் கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி! இந்த வாரம் இதைத் தூக்கிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு, வேறு யந்திரம் வாங்கப் போகிறேன்."

"பொறும் ஐயா! விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்கிறீரே, நீர் வக்கீல்தானா?" என்றேன்.

அன்று நடந்த விசாரணையின் சாராம்சத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம். கம்பம் பள்ளத்தாக்கிலே மட்டுமல்ல, குளிர் யந்திரம் உள்ள வீடுகளில் எல்லாம் கோடை தவறாமல் வருகிற வழக்கு இது. தவறான தீர்ப்பினால் பணம் போவதோடு, வெயிலில் வாடுகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் அல்லவா?

முதலில் ஒரு பிரமையை ஒழிக்க வேண்டும். ஐஸ் பிடித்திருப்பதைப் பார்த்ததும், "யந்திரம் அமோகமாகக் குளிர்கிறது, ஆனால் குளிர்ச்சி ஏனோ வெளியே வரமாட்டேன் என்கிறது" என்று நினைக்கிறோம். உண்மை என்னவென்றால், அறையின் உஷ்ணம் காயிலிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளமே அந்த ஐஸ்.

நம் வீட்டு மண் பானையை நினைத்துக் கொள்ளுங்கள். பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. அதனால் தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. குளிர் யந்திரத்தில் நடப்பதும் இதே சங்கதிதான். சுவரிலுள்ள பெட்டியின் செப்புக் குழாய்களுக்குள் ஒரு திரவம் ஆவியாகிறது. ஆவியாகும்போது அறைக் காற்றின் உஷ்ணத்தை வாங்கிக் கொள்கிறது. அந்த ஆவியை வெளியே இருக்கும் பெட்டியிலுள்ள கம்ப்ரஸர் அழுத்துகிறது. வாங்கிவந்த உஷ்ணம் அங்கே வெளிக் காற்றில் விடப்படுகிறது. ஆவி மறுபடியும் திரவமாகி உள்ளே வருகிறது.

பானைக்கும் யந்திரத்துக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். பானையில் நீர் வற்றும். மறுபடி ஊற்ற வேண்டும். யந்திரத்தில் இருப்பது மூடிய குழாய். அதற்குள் காஸ் சுற்றிச் சுற்றி வருகிறதே ஒழியச் செலவாவதில்லை. அடுப்புக் காஸைப் போல எரிந்து தீருவதுமில்லை. மோட்டார் காரின் பெட்ரோலைப் போலக் குறைவதுமில்லை. ஆகவே, "வருஷத்துக்கு ஒரு தடவை காஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால், அது சாஸ்திரத்தில் இல்லாத சடங்கு. காஸ் குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் ஊற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற காரியந்தான்.

சரி, ஐஸ் எங்கிருந்து வந்தது? காற்றிலுள்ள ஈரத்திலிருந்து வந்தது. 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதன் முதலில் இத்தகைய யந்திரத்துக்குத் திட்டம் வகுத்தது மனிதர்களின் சுகத்துக்காக அல்ல. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் ஈரத்தினால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் இடம் மாறி விழுந்த தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான். எனவே காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுப்பது இந்த யந்திரத்துக்குப் பிறவிக் குணம். ஒழுங்காக வேலை செய்யும்போது காயிலின் குளிர்ச்சி பூஜ்யம் டிகிரிக்குச் சில டிகிரி மேலேயே நிற்கும். அதன்மேல் படியும் ஈரம் துளித் துளியாகி, வடிகால் குழாய் வழியாக வெளியேறிவிடும். காயில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, அந்தத் துளிகள் அங்கேயே உறையும். உறைந்த ஐஸ் காற்று போகிற இடுக்குகளை அடைக்கும். காற்றுக் குறையக் குறையக் காயிலுக்குக் கிடைக்கும் உஷ்ணம் குறையும். அது இன்னும் சில்லிடும். இன்னும் ஐஸ் பிடிக்கும். கந்துவட்டிக் கடன் மாதிரி, வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும்.

பெட்டியின் மேல் "ஒன்றரை டன்" என்று எழுதியிருக்கிறதே, அது பெட்டியின் எடையல்ல. இரண்டாயிரம் ராத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அவ்வளவு உஷ்ணத்தை விழுங்கும் சக்திக்கு ஒரு டன் என்று பெயர். ஐஸை விலைக்கு வாங்கிக் குளிர்ச்சி பெற்ற காலத்துக் கணக்கு அது. சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கட்டியதாகும். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய புண்ணியத்தால் அது இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. நாம் கவனிக்க வேண்டியது, டன் என்பது ஐஸ் உருகுகிற கணக்கே தவிர, உறைகிற கணக்கல்ல என்பதுதான். காயிலில் ஐஸ் உறைந்துவிட்டால் ஒன்றரை டன் யந்திரம் அரை டன் வேலை கூடச் செய்யாது.

ஐஸ் பிடிப்பதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, காயிலின் மீது போதிய காற்று வீசாமை. மற்றொன்று, ஓட்டையினால் காஸ் குறைந்து போதல். நோய்க் குறி இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால்தான் வைத்தியத்தில் குழப்பம் நேர்கிறது. அவசரக்கார மெக்கானிக் ஒருவர் வந்து குழாயில் கேஜை மாட்டிப் பார்க்கிறார். முள் கீழே இறங்கியிருக்கிறது. "காஸ் கம்மி, ஸார்!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஆனால் காற்று அடைபட்டுக் காயில் சில்லிட்டுப் போனாலும் அந்த முள் அதே மாதிரி இறங்கும். ஐஸ் கரைந்து, காற்று தாராளமாக வீசும்போது பார்த்தால்தான் முள் உண்மை பேசும். நிரபராதி தண்டிக்கப்படுவது இந்த இடத்திலேதான்.

காற்று எப்படி அடைபடுகிறது? இதற்குப் பதில் சொல்லக் கம்பம் பள்ளத்தாக்கைவிடத் தகுதியான ஊர் இல்லை. மேற்கே மலை, தெற்கே மலை, கிழக்கே வருஷநாட்டு மலையும் மேகமலையும். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இங்கே வரத் தொடங்கியது 1895-ஆம் ஆண்டில். தென்மேற்குக் காற்றோ யாரும் குடைந்து கொடுக்காமலே மலை இடுக்குகளின் வழியாக ஆதிநாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அது வீசுகிற வேகத்தை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றாலைக்கு அது வரப்பிரசாதம். குளிர் யந்திரத்துக்குச் சாபம். வயல் புழுதி, ரஸ்தாப் புழுதி, வைக்கோல் தூசி எல்லாம் ஜன்னல் இடுக்கில் நுழைந்து, பெட்டியின் வலையில் கம்பளி போலப் படிகிறது. வலையைத் தாண்டிய நுண்தூசி உள்ளே சுழலும் நீண்ட உருளை விசிறியின் இதழ்களில் ஒட்டிக் கொள்கிறது. ஆடியில் புகுந்த புழுதி சித்திரையில் பலனைக் காட்டுகிறது.

இனி வீட்டிலே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஐஸைக் கண்டதும் யந்திரத்தின் குளிரூட்டலை நிறுத்திவிட வேண்டும். ரிமோட்டில் விசிறி மட்டும் ஓடும்படி வைத்தால் ஐஸ் கரையும். இரண்டு மூன்று மணி நேரமோ, கனத்த ஐஸாக இருந்தால் அதற்கு மேலுமோ ஆகலாம். கீழே பாத்திரம் வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே இருங்கள். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் எந்த மெக்கானிக்கும் சரி பண்ண முடியாது. கத்தியாலோ, திருப்புளியாலோ ஐஸைக் குத்திப் பெயர்க்கவே கூடாது. குழாயில் ஒரு சிறு துளை விழுந்தால், இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். சுடுதண்ணீர் ஊற்றுவதும் ஆகாது. பெட்டிக்குள் மின்சாரம் இருக்கிறது.

ஐஸ் கரைந்ததும் மின்சாரத்தை மெயினிலே நிறுத்திவிட்டு, வலையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். சாதாரண நாளில் மாதம் ஒரு முறையும், காற்றடி காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் இதைச் செய்வது நலம். பெட்டிக்கு எதிரே திரைச்சீலையோ, பீரோவோ காற்றை மறிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பரீட்சை. அறையின் உஷ்ணத்தை அளக்கும் தர்மாமீட்டர் ஒன்று வேண்டும்; ஜுரம் பார்க்கிற தர்மாமீட்டர் உதவாது. யந்திரத்தைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே காற்றை உள்ளிழுக்கும் இடத்திலும், கீழே குளிர் காற்று வெளிவரும் இடத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் யந்திரம் ஆரோக்கியமாக இருக்கிறது. காற்று மிகவும் ஜில்லென்று, ஆனால் பலஹீனமாக வந்தால் காற்றுப் பாதையில் அடைப்பு. காற்று பலமாக வந்தும் குளிர்ச்சி போதாவிட்டால், காஸையோ வெளிப் பெட்டியையோ சந்தேகிக்கலாம்.

ஐஸ் பிடித்த இடமும் சாட்சி சொல்லும். காயில் முழுவதும் மூடி, தடித்த செப்புக் குழாய் வரையில் வெண்பனி படர்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவு. காயிலின் ஒரு மூலையிலும், மெல்லிய குழாயின் மூட்டிலும் மட்டும் பனி படிந்தால் பெரும்பாலும் காஸ் குறைவு. குழாய் மூட்டில் எண்ணெய்க் கறை தெரிந்தால், ஓட்டை அங்கேதான் என்று ஊகிக்கலாம். ஐஸே இல்லாமல் தண்ணீர் மட்டும் ஒழுகுகிறதா? அது வேறு வியாதி. வடிகால் குழாயில் பாசி அடைத்திருக்கும்.

ஐஸும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்றால் வெளிப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். அதன் தகடுகளில் புழுதி அப்பியிருந்தாலும், முன்னால் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கியிருந்தாலும் உஷ்ணம் வெளியேற வழியில்லை. அதன் விசிறி ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். மேற்கு வெயில் சுவரிலும், மொட்டை மாடித் தளத்திலும் நாள் முழுவதும் காய்ந்தால் சாயங்காலம் எந்த யந்திரமும் திணறத்தான் செய்யும். ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டுவது யந்திரத்துக்கும் உபகாரம்.

இன்னொரு வழக்கம் உண்டு. குளிரவில்லை என்றதும் ரிமோட்டை 16-க்கு இறக்குகிறோம். மாட்டை அடித்தால் வண்டி வேகமாகப் போகும். ரிமோட்டை அடித்துப் பிரயோஜனமில்லை. 16 என்று வைத்தால் யந்திரம் சீக்கிரமாகக் குளிராது. நீண்ட நேரம் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான். இராத்திரி முழுவதும் விசிறியை மெதுவாக வைத்து 16-இல் ஓட்டுவது ஐஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமானம். நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர் யந்திரங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைய வேண்டுமென்று 2020 ஜனவரி 1 முதல் நமது நாட்டில் விதி செய்திருக்கிறார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரத்தில் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம் என்பது அதிகாரிகளின் கணக்கு.

மெக்கானிக் வந்து காஸ் போட வேண்டும் என்றால், மரியாதையாகச் சில கேள்விகள் கேட்கலாம். ஓட்டை எங்கே? நைட்ரஜன் அழுத்தமும் சோப்பு நுரையும் வைத்துக் கண்டுபிடித்தீர்களா? குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பினால் இழுத்துவிட்டீர்களா? பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் சொன்ன எடைக்குத் தராசில் நிறுத்துப் போடுகிறீர்களா? சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் ஸிலிண்டரை இணைக்க வந்தால், கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்து விடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இப்போதைய யந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்னும் காஸ் சிறிது தீப்பற்றக் கூடியது; வேலை நடக்குமிடத்தில் பீடியும் விளக்கும் கூடாது.

காஸை வீணாகக் காற்றில் விடுவதும் பாவந்தான். பழைய யந்திரங்களிலுள்ள ஆர்-22, பூமிக்குக் குடையாக இருக்கும் ஓஸோன் படலத்தை அரிப்பதால், 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. ஆர்-32 ஓஸோனை ஒன்றும் செய்யாது. ஆனால் எடைக்கு எடை, கரியமில வாயுவைக் காட்டிலும் அறுநூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும். ஒரு வீட்டைக் குளிர்விப்பதற்காக ஊரைச் சூடாக்கலாமா?

நண்பரின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "வலையை மாதா மாதம் என் சம்சாரம் கழுவுகிறாள்" என்று அவர் சத்தியம் செய்தார். அது வாஸ்தவந்தான், வலை சுத்தமாகவே இருந்தது. அன்றிரவு அப்பத்தாவைக் கூடத்தில் படுக்க வைத்து, ஐஸைக் கரைய விட்டோம். மறுநாள் காலையில், ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலைப் படித்த ஓர் இளைஞர் வந்தார். கேஜை வெளியே எடுக்கவேயில்லை. டார்ச் விளக்கை அடித்து உள் விசிறியைப் பார்த்தார். "வலை மட்டும் கழுவி என்ன அண்ணே? உருளையைப் பாருங்க" என்றார். இதழுக்கு இதழ் கறுப்புப் புழுதி அடை அடையாக அப்பியிருந்தது. நாலு வருஷத்து ஆடிக் காற்று! கழற்றிக் கழுவியதில் ஒரு வாளித் தண்ணீர் காப்பிக் கஷாயமாயிற்று.

மாட்டி ஓட்டினோம். உள்ளே போன காற்று 31 டிகிரி. வெளியே வந்தது 20. அதற்குப் பிறகே அவர் கேஜை மாட்டினார். முள் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நின்றது! அதிகப்படியான காஸைத் தனி ஸிலிண்டரில் இறக்கி நிறுத்தபோது, சீட்டில் கண்ட அளவுக்கு மேல் கால் கிலோவுக்குக் குறையாமல் இருந்தது தெரிந்தது. மூன்று வருஷமும் பசியில்லாதவனுக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் காஸ் போட்டவுடன் குளிர்ந்தது எப்படி? மெக்கானிக் வரும்வரை யந்திரம் ஒரு நாள் ஓய்ந்திருக்கும், ஐஸ் கரைந்திருக்கும். அதிகக் காஸ் காயிலின் குளிரைக் கொஞ்சம் தணித்து, ஐஸ் பிடிப்பதைச் சில நாள் தள்ளியும் போட்டிருக்கும். அந்தக் கீர்த்தியைக் காஸ் தட்டிக்கொண்டு போயிற்று.

"நிரபராதியின் பேரில் மூன்று தடவை தீர்ப்பு, மூன்று தடவையும் அபராதம் கட்டியவன் நான்!" என்றார் வக்கீல் நண்பர். புது யந்திரம் வாங்கும் யோசனை தள்ளுபடியாயிற்று. சுவர்க் காலண்டரில், ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் நேராக "வலை" என்றும், பங்குனிக்கும் ஆவணிக்கும் நேராக "உருளை, வெளிப் பெட்டி" என்றும் அவருடைய மகள் சிவப்பு மையில் எழுதி வைத்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பனையோலை விசிறி மூலையில் கிடந்தது. அப்பத்தா கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பெட்டிக்கு ஜன்னி தீந்துச்சு தம்பி. இப்ப எனக்கில்ல கண்டிரும் போலிருக்கு! அந்த நம்பரைக் கொஞ்சம் ஏத்தி வையி" என்றார்.

26-இல் வைத்துவிட்டு வந்தேன்.